ஓய்ந்து நிற்கும் வண்டியும் ஓயாத மின்சாரமும்

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடி வாங்கிப் பழுது நீக்கிப் பேணும் ஆர்வம் நம்மவரிடையே பெருகி வருகின்றது. தாம்பரத்திற்குத் தெற்கே செல்லும் பெருஞ்சாலையோரம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நிற்பவர், சில வேளைகளில், அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட ஆஸ்டினும் மாரிஸும் பியட்டும் ஸ்டாண்டர்டும் துலக்கிய வெண்கலப் பாத்திரம்போல ஒளிவிட்டுச் செல்வதைக் காணலாம். நின்று பார்த்து மகிழ்வாருள் நாமும் அடங்குவோம். ஆதலின் ஈண்டு யாம் கூறப்புகுவது அவ்வார்வத்தைப் பழிப்பதற்கன்று. அவ்வண்டிகள் ஒவ்வொன்றிலும் பாட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்று பொருத்தப்பெறல் வேண்டும் என்பதும், வண்டி நிறுத்தப்பெறும் இரவுதோறும் அது திருப்பப்பெறல் வேண்டும் என்பதுமே நம் கருத்து. மிகச் சிறிய காரியமன்றோ இது, இதற்கொரு கட்டுரையும் வேண்டுமோ என்று அன்பர்கள் வினவலாம். நாமும் சென்ற ஆண்டு ஐப்பசித் திங்கள் வரையில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அத்திங்களில் ஒருநாள் நம் கல்லூரிப் பழைய மாணவரும் நம் நண்பருமாகிய ஒருவருடன், மறைமலை நகரிலுள்ள அவர்தம் இல்லத்தினின்று புறப்பட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று மீண்டோம். ஏறிச் சென்றது அவர் தந்தையார் வாங்கி ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வழியில் யாதொரு குறையுமில்லை. அந்திப்பொழுதில் வீடு சேர்ந்து, சமையலறைச் சுவரை ஒட்டிய கொட்டகையில் வண்டியை விட்டுப் பூட்டித் திண்ணையில் அமர்ந்தோம். காப்பி வந்தது. அதனைக் கொணர்ந்த அம்மையார், "ஏதோ ரப்பர் கருகுகிற வாடை வருகிறதே, வண்டியைப் பார்த்தீர்களா?" என்றார். நண்பர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, "சாவி இதோ என்னிடம் இருக்கிறது, வண்டியாக இராது. அண்டை வீட்டில் எதையோ கொளுத்துகிறார்கள்" என்றார். அடுத்த சில நொடிகளில் கொட்டகையின் கதவிடுக்கு வழியே புகை வெளிப்பட்டது.

பின்னர் நிகழ்ந்ததை விரிவாகக் கூறுதற்குக் காரணமுண்டு. ஹெரால்டு வண்டியின் முன்மூடி முழுவதுமாக முன்னோக்கிச் சாயும் அமைப்புடையது. இருபுறமும் வெளியேயுள்ள கொக்கிகளை விடுவித்தாலன்றி அது திறவாது. கொட்டகையோ ஒடுங்கியது, ஒருபுறக் கொக்கி சுவருக்கும் சக்கரத்திற்கும் நடுவே இருந்தது. ஒருவாறு திறந்த பின்னர்ப் பாட்டரியைக் கண்டோம். அதன் முனைகளைக் கவ்வும் ஈயக் கவ்விகளில் வெண்பசும் பூ பூத்து, திருகாணி கல்லாய் இறுகிக் கிடந்தது. ஸ்பானர் எங்கே? பின்பெட்டியில். பின்பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி நண்பர் பையில் உண்டு. ஆயினும் நடுங்கும் கைக்குப் பூட்டின் துளை அகப்படவில்லை. இதற்குள் கம்பிக்கட்டின் மேலுறை உருகிச் சொட்டத் தொடங்கிற்று. அப்பொழுது அண்டை வீட்டிலிருந்து, பேருந்துப் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கையில் ஈரச் சாக்கும் அம்மிக் குழவியுமாக ஓடிவந்தார். கவ்வியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, சாக்கைச் சுற்றிப் பிடித்துத் திருகி, அதனைக் கழற்றியெறிந்தார். புகை தணிந்தது. (பாட்டரியைக் குழவியால் தட்டுதல் எவரும் பின்பற்றத்தக்க முறையன்று, அதன் முனை முறிந்து அமிலம் தெறித்திருக்கவும் கூடும்.) மூச்சு வாங்கியபின் அவர் கூறியது இது: "பஸ்ஸாக இருந்தால் ஒரு திருகலில் முடிந்திருக்கும் ஐயா. இதில் அந்தச் சுவிட்சு இல்லையே."

வீடு தப்பியது. கம்பிக்கட்டு முழுவதும், டைனமோவும் போயின. சமையலறைச் சுவருக்கு அப்பால் எரிவாயு உருளை இருந்தது என்பதை நாம் அன்றிரவு உறங்காதிருந்தபொழுதே நினைத்துக்கொண்டோம்.

நிற்க. மறைமலை நகர் என்னும் ஊரும் மோட்டார் வண்டியும் நெருங்கிய உறவுடையன. 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய அவ்வூரில், 1990-களின் இறுதியில் ஃபோர்டு நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை எழுந்தது. 2022-ஆம் ஆண்டில் அங்குக் கார் செய்தல் நின்றது. அதற்கு நெடுநாள் முன்னரே, தாம்பரத்திற்கும் மறைமலை நகருக்கும் இடைப்பட்ட வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. முதலில் வான்கார்டு, பின்னர் 1961 முதல் ஹெரால்டு, அதன்பின் கெஸல் எனப் பல வண்டிகள் அங்கிருந்து புறப்பட்டன. 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் கார் விலைபோகாமற் போகவே, 1988-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அந்நிலத்தில் இன்று கணினித் தொழிற் கட்டடங்கள் நிற்கின்றன. வடக்கே எண்ணூரிலோ, 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களை இணைத்து விற்றது. பாடியில் 1960-களின் தொடக்கம் முதல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்துவந்தது. ஆகவே நம் சுற்றுப்புறத்தில் இன்னும் கொட்டகைகளில் உறங்கும் பழங்கார்களுட் பல, பிறநாட்டிலிருந்து வந்த அரும்பொருள்கள் அல்ல. நம் ஊர்த் தொழிலாளர் கையால் முடுக்கிய வண்டிகளே. அவை எரிந்தொழியின் மீண்டும் செய்வார் இல்லை.

இனி, சாவி பையிலிருக்க வண்டி தீப்பற்றியது எங்ஙனம் என்பதை ஆராய்வோம். இதுவே பலரும் அறியாததொன்று. சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நாம் கருதுகிறோம். அது பிழை. சாவி நிறுத்துவது, எஞ்சின் எரியூட்டலும் அதனோடு சேர்ந்த சில கிளைகளுமே. பாட்டரியினின்று ஸ்டார்ட்டருக்கும், ஊதுகுழலுக்கும், விளக்குச் சுவிட்சுக்கும், டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் செல்லும் கம்பிகள் இரவும் பகலும் உயிருள்ளனவாகவே இருக்கும்.

அவற்றுள் டைனமோவின் கதை தனிப்பட்டது. எஞ்சின் ஓடும்பொழுது டைனமோ மின்சாரம் செய்து பாட்டரிக்கு அளிக்கின்றது. எஞ்சின் நின்றால் டைனமோவும் நிற்கும்; அந்நிலையில் இரண்டும் இணைந்தே இருப்பின், பாட்டரியிலுள்ள மின்சாரம் பின்னோக்கி டைனமோவுக்குள் பாயும். அதனைத் தடுப்பதற்காகவே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சிறு காந்தக் கதவு உண்டு. தொழிற்பட்டறைகளில் அதனைக் 'கட்டவுட்' என்பர். டைனமோவின் வோல்ட்டு அழுத்தம் குன்றியதும் வில்லின் விசையால் அதன் முனைகள் தாமே பிரியும். ஆயின் ஐம்பது அறுபது ஆண்டு உழைத்த முனைகள் தீப்பொறியால் அரிக்கப்பட்டுக் கரடாகி, ஒருநாள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அன்று டைனமோ மின்சாரம் செய்யும் பொறியாயிராது, மின்சாரத்தால் சுழலும் பொறியாக முயலும். சுழலவோ இயலாது, வாரால் எஞ்சினோடு பிணிக்கப்பட்டுள்ளது. சுழல இயலாத மோட்டார், சுழல்வதைவிடப் பன்மடங்கு மிகுதியான மின்சாரத்தை இழுக்கும் என்பதை இயற்பியல் மாணவர்க்கு நாம் கூற வேண்டுவதில்லை. கம்பி காயும்; உறை உருகும். இவ்வளவும், வண்டிக்காரர் காப்பி அருந்திக்கொண்டிருக்கும்பொழுது நிகழும். நம் நண்பர் வண்டியில் நிகழ்ந்தது இதுவே.

'பியூஸ் எங்கே போயிற்று?' என்று கேட்பீர்கள். இக்காலத்துக் காரில் ஒவ்வொரு கிளைக்கும் ஒன்றாகப் பியூஸ்கள் வரிசையாய் அமைந்திருக்கும். பழங்கார்களிற் பலவற்றில் ஒன்று அல்லது இரண்டே இருக்கும். பாட்டரிக்கும் டைனமோவுக்கும் இடைப்பட்ட தடித்த கம்பி பெரும்பாலும் பியூஸின் காவலுக்கு வெளியே நிற்பது. ஸ்டார்ட்டருக்குச் செல்லும் கம்பிக்கோ பியூஸ் வைக்கும் வழக்கமே இல்லை.

கம்பிகளின் நிலையையும் நோக்குக. முற்காலத்துக் கம்பிகள் ரப்பர் உறைமேல் பருத்தி நூற்பின்னல் சுற்றப்பெற்றவை. நூல் அழகாகவே இருக்கும். உள்ளேயுள்ள ரப்பர் காய்ந்த வாழைச் சருகுபோல் நொறுங்கியிருக்கும். வளைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது; வளைத்தால் உடையும். நம் புறநகர்க் கொட்டகைகளில் எலிக்கும் குறைவில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் முதலிய இடங்களிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேறு பல இடங்களிலும் நீரில் மூழ்கிய வண்டிகளுள் பழையனவும் இருந்தன. கழுவித் துடைத்து மெருகிட்டபின் வெளித்தோற்றம் மீண்டது. கம்பிக்கட்டின் உள்ளே புகுந்த சேற்றுநீர் செம்பை அரித்துக்கொண்டே இருப்பதை எவர் கண்டார்?

மற்றொன்று பெட்ரோல். 2023 முதல் நம் நாட்டில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-ஆம் ஆண்டளவில் அதுவே எங்கும் பொதுவாயிற்று. அக்கொள்கையின் நன்மை தீமைகளை ஆராய்தல் நம் நோக்கமன்று. பழங்காரின் ரப்பர்க் குழாய்களும், தக்கையாலான மிதவைகளும், சில பூச்சுகளும் எத்தனாலைத் தாங்குமாறு செய்யப்பட்டனவல்ல என்பது மட்டும் உறுதி. குழாய் இளகும், இணைப்புகள் கசியும். 1927-இல் வெளிவந்த ஃபோர்டு 'ஏ' மாதிரிக் காரில் பெட்ரோல் தொட்டி எங்கே அமைந்துள்ளது என்பதை அறிந்தவர் சிலரே. ஓட்டுநரின் முழங்காலுக்கு நேரே, கண்ணாடிக்குக் கீழே, எஞ்சினை அடுத்த தடுப்புச் சுவருக்குப் பின்னால்! அங்கிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்கும். அத்தகைய வண்டியில் ஒரு கசிவும் ஒரு பொறியும் ஒரே நாளில் நேருமாயின் விளைவு யாதென்று கூறத் தேவையில்லை.

இத்தனையும் கூறியபின் ஒன்றை வலியுறுத்த விழைகின்றோம். பழங்கார் ஓடும்பொழுது அதனருகே ஒருவர் இருக்கிறார். வாடையும் புகையும் உடனே புலனாகும். அது நிற்கும்பொழுதோ அருகில் எவருமில்லை, பக்கத்தில் வீடுண்டு. இவ்வண்டிகள் ஓடும் நேரம் ஆண்டில் மிகச் சிலவே. 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்திய மோட்டார் வாகன விதிகளிற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவுக்குப்பின் 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் பழமைவாய்ந்த வண்டிகளாகத் தனியே பதிவுபெறலாம். அவ்வாறு பதிந்தவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றிற்கேயன்றி நாள்தோறும் ஓட்டுதற்கில்லை. எனவே சட்டமே அவ்வண்டியை ஆண்டில் முந்நூறு நாளுக்கு மேல் கொட்டகையில் நிறுத்திவைக்கிறது எனலாம். நிற்கும் வண்டிக்குரிய காவல் யாது என்பதே வினா.

துண்டிக்கும் சுவிட்சைப் பற்றி நண்பரிடம் நாம் பேசத் தொடங்கியபொழுது அவர் கூறிய தடை இது: "தந்தையார் வைத்திருந்தபடியே வைத்திருக்கிறேன். ஒரு திருகாணியும் மாற்றியதில்லை. நீங்கள் சொல்வதைப் பொருத்தினால் வண்டியின் மெய்ம்மை கெடும். அணிவகுப்பில் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்." இத்தடையை நாம் எளிதாகத் தள்ளவில்லை. பழம்பொருளைப் பேணுவோர்க்கு இத்தகைய பிடிவாதம் ஒருவகை அறமே. ஆயினும் அதே வண்டியில் பாட்டரி எத்தனை முறை மாற்றப்பட்டது, டயர்கள் எவை, எண்ணெய் எது என்று கேட்டோம். அவர் நகைத்தார். மேலே கூறிய 2021-ஆம் ஆண்டு விதிகளும், அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்வதையே பெருமாற்றமாகக் குறிக்கின்றன. பாட்டரிக் கம்பியில் ஒரு சுவிட்சு அம்மூன்றனுள் எதனையும் தொடுவதில்லை. தகட்டில் துளையிட வேண்டியதுமில்லை; முன்பே உள்ள திருகாணித் துளை ஒன்றில் சிறு தாங்கியை மாட்டி, அதில் சுவிட்சைப் பொருத்தலாம். பழைய எர்த்துக் கம்பியை எறியாது ஒரு பையிலிட்டுக் குறிப்பெழுதிப் பெட்டியில் வைத்துவிட்டால், எவர் வேண்டினும் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு மீட்கலாம். எரிந்துபோன வண்டிக்கு மெய்ம்மை என்று ஒன்று உண்டோ?

வேறு சிலர், "நாங்கள் வண்டியை நிறுத்தியதும் பாட்டரிக் கவ்வியையே கழற்றிவிடுகிறோம், சுவிட்சு எதற்கு?" என்பர். உண்மையாகவே நாள்தோறும் கழற்றுவாராயின் அவரை வணங்குகிறோம். நாம் கண்டவரையில் முதல் மாதம் கழற்றுவர், பின்னர் நெடும்பயணத்திற்கு முன் கழற்றுவர், அதன்பின் மறப்பர். ஓயாது கழற்றி மாட்டுவதால் ஈயக் கவ்வி தேய்ந்து தளர்வதும், தளர்ந்த இடம் சூடேறுவதும் வேறு. மேலும் தீ நேரும் வேளையில் ஸ்பானரைத் தேடுவோர் நிலையைத்தான் மேலே கண்டோமே.

எவ்வகைச் சுவிட்சைப் பொருத்துவது என்பதில் சிறிது கவனம் வேண்டும். கடைகளில் மூவகை காணப்படுகின்றன. பாட்டரி முனைமேலேயே மாட்டிக் குமிழைத் தளர்த்தித் துண்டிப்பது ஒன்று. கத்திபோன்ற தகட்டைத் தூக்கித் துண்டிப்பது இரண்டாவது. செந்நிறச் சாவியைத் திருகிக் கையோடு எடுத்துச் செல்லத்தக்கது மூன்றாவது. முதல்வகை மலிவு, ஆயின் குமிழ் அதிர்ச்சியால் தளர்ந்து, துண்டிக்கவும் செய்யாது இணைக்கவும் செய்யாது இடைநிலையில் நின்றுவிடும் தன்மையது. நாம் அதனை விரும்புவதில்லை. கத்திவகை நேர்மையானது, துண்டித்துள்ளதோ இல்லையோ என்பது கண்ணுக்கே தெரியும். ஆயின் முன்மூடியைத் திறந்தாலன்றி எட்டாது. சாவிவகையை ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம். திருடனுக்கும் அதுவே தடையாகும்.

விலை குறைந்தது என்று எதையேனும் வாங்குதல் ஆகாது. ஸ்டார்ட்டர் சுழலும்பொழுது அச்சுவிட்சின் வழியே 200 ஆம்பியர் அளவில் மின்சாரம் பாயக்கூடும். சுவிட்சின் முனைகள் நன்கு படியாமல், ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடையே இருப்பதாகக் கொள்வோம். 200-ஐ 200-ஆல் பெருக்கி, நூறால் வகுத்தால் 400 வாட்டு. இஸ்திரிப் பெட்டி ஒன்றில் எழும் சூட்டில் பாதிக்குக் குறையாதது விரலளவான பொருளில் எழும். தீயைத் தடுக்க வைத்த கருவியே தீக்கு வித்தாகும். 2 வோல்ட்டும் அங்கே வீணாகும். 12 வோல்ட்டு வண்டி ஒருவாறு தாங்கும், 6 வோல்ட்டு வண்டியில் ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுவிடும். 6 வோல்ட்டு வண்டிகள் அதே வேலைக்கு இருமடங்கு ஆம்பியர் இழுப்பன ஆதலின், அவற்றிற்குரிய சுவிட்சு பின்னும் வலியதாயிருத்தல் வேண்டும். ஆகையால் இடைவிடாது தாங்கும் ஆம்பியர் எவ்வளவு, ஸ்டார்ட்டர் சுழலும் சில நொடிகளுக்குத் தாங்குவது எவ்வளவு என்ற இரு எண்களையும் பார்த்து வாங்குக. அவை பொறிக்கப்படாத சுவிட்சைக் கடையிலேயே விட்டு வருக. பொருத்தியபின் நாலைந்து முறை ஸ்டார்ட்டரைச் சுழற்றிவிட்டுச் சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் அது தகாதது.

எந்தக் கம்பியில் பொருத்துவது? வண்டியின் உடலோடு இணையும் எர்த்துக் கம்பியில். மற்றைக் கம்பியில் வேலைசெய்யும்பொழுது ஸ்பானர் தவறி வண்டியின் உடலிற் பட்டால் பாட்டரி முழுவதும் அவ்வழியே பாயும். எர்த்துப் பக்கத்தில் அத்தொல்லை இல்லை. கழற்றுகையில் எர்த்து முதலாவது, மாட்டுகையில் அது இறுதி என்று பட்டறைப் பையன்களும் அறிவர். ஆயின் இங்கே ஒரு படுகுழி உண்டு. இக்காலத்து வண்டிகளில் எர்த்து என்பது எதிர்முனை. 1930-களின் பிற்பகுதி முதல் 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களிற் பெரும்பாலானவற்றிலோ, ஃபோர்டு 'ஏ' மாதிரியிலோ, எர்த்து என்பது நேர்முனை! புது வண்டியில் பழகிய மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்முனைக் கம்பியில் சுவிட்சை மாட்டிவிடுவார். சுவிட்சு வேலை செய்யும். ஆனால் அதன் உயிருள்ள முனைகள் உடல்தகட்டுக்கு அணுக்கமாக வெறுமனே நிற்கும். நிறத்தையும் குறியையும் நம்பாது, எக்கம்பி உடலோடு சேர்கின்றது என்பதைக் கண்ணால் தொடர்ந்து பார்த்துப் பொருத்துவதே முறை.

இச்சுவிட்சால் ஆகாதவற்றையும் மறைக்காது கூறுதல் கடன். கம்பி நொறுங்கிய வண்டிக்குச் சுவிட்சு மருந்தாகாது. புதுக் கம்பிக்கட்டே மருந்து. பழைய முறையிலேயே நூற்பின்னல் மேலுறையோடு, உள்ளே இக்காலத்து உறையுடைய கம்பிகள் கிடைக்கின்றன, அழகும் கெடாது. எஞ்சின் ஓடும்பொழுது, நெருக்கடி நேர்ந்தாலன்றிச் சுவிட்சைத் திருப்பலாகாது. பாட்டரி பிரிந்த டைனமோ தன் வோல்ட்டைக் கட்டுக்குள் வையாது விளக்குகளைப் பொசுக்கக்கூடும்; பிற்காலத்து ஆல்ட்டர்னேட்டர் பொருத்திய வண்டியாயின் அதன் டையோடுகளே அழியும். பாட்டரியைத் துண்டித்தாலும், டைனமோ தரும் மின்சாரத்தால் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கலாம். மாக்னெட்டோ உடைய மிகப் பழைய வண்டிகளுக்கோ பாட்டரியைப் பற்றிய கவலையே இல்லை. பந்தயக் கார்களுக்குரிய சுவிட்சில் கூடுதல் முனைகள் வைத்து எஞ்சினையும் உடனிறுத்துவது இதற்காகவே. மின்னேற்றிய உடனே பாட்டரியருகே பொறி எழச் செய்தலும் தீது. மின்னேற்றும்பொழுது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு அங்கே தங்கியிருக்கும். இனி, இக்காலத்துக் கணினி பொருந்திய கார் வைத்திருப்போர் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தம் வண்டியில் சுவிட்சு மாட்டப் புறப்பட வேண்டா. அவற்றின் அமைப்பு வேறு.

இதனைக் கட்டாயமாக்குதல் வேண்டுமோ எனின், அரசாங்கச் சட்டமாக வேண்டும் என்று நாம் கூறோம். வண்டி வைத்திருப்போர் சங்கங்களும் அணிவகுப்பு நடத்துவோருமே இதனைச் செய்யலாம். சர்வதேச விதிகளின்படி பந்தயக் கார்களில், நீல முக்கோணத்துள் சிவப்பு மின்னற்குறி இட்ட இடத்தில் இச்சுவிட்சின் கைப்பிடி வெளிப்புறத்திலேயே இருத்தல் வேண்டும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்திற்குச் சென்ற மாணவர் அக்குறியைக் கண்டிருப்பர். ஓட்டுநர் மயங்கியிருந்தாலும் அயலார் ஓடிவந்து திருப்புவதற்காக அந்த ஏற்பாடு. அணிவகுப்பு நாளில் பழங்கார்கள் ஒன்றையொன்று உரசுமளவு நெருங்கி நிற்கின்றன. நெருங்கி நிற்கும் வண்டிகளில் தீ எவ்வளவு விரைவாகத் தாவும் என்பதை 2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கண்டோம். 23-ஆம் நாள் பெங்களூர் விமானக் கண்காட்சியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஏறக்குறைய 300 கார்களும், மறுநாளே நம் போரூரில் திறந்தவெளியில் நின்ற சுமார் 200 கார்களும் எரிந்தன. அங்குக் காய்ந்த புல்லில் பற்றிய தீ காரணமெனப்பட்டது. பழங்கார்களின் மேல் அப்பழியை நாம் ஏற்றவில்லை. முதல் வண்டி எதனால் பற்றினாலும், இருபதாவது வண்டி முதல் வண்டியால் பற்றும் என்பதே நாம் நோக்குவது. கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பெற்ற ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும், சென்னையில் 2023-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் அமைத்த காட்சிசாலையையும் கண்டவர், ஒரே கூரையின்கீழ் எத்தனை தலைமுறைகளின் உழைப்புத் திரண்டுள்ளது என்பதை உணர்வர்.

ஆகவே சங்கங்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. அணிவகுப்பிற்கு வரும் வண்டியைப் பார்வையிடும் நடுவர், துண்டிக்கும் சுவிட்சு இருப்பதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறைக்கலாகாது என்பதை முதலில் எழுதி வெளியிடுக. இரண்டோர் ஆண்டு கழித்து, அஃதில்லாத வண்டி வரிசையில் நிற்கலாகாது என்க. முதலாவது ஏற்பாடு வருமாயின், இரண்டாவதற்குத் தேவையே இராமற்போகலாம். ஏனெனில் பலரைத் தடுப்பது செலவன்று, மதிப்பெண் பற்றிய அச்சமே.

அச்சுவிட்சுக்குத் தமிழில் யாது பெயர் என்று நம் மாணவர் ஒருவர் வினவினார். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தவரின் பெயரால் வழங்கும் ஊரில் இருந்துகொண்டு 'கட்-ஆஃப் சுவிட்சு' என்று சொல்லலாமா என்பது அவர் குறை. 'மின்துண்டி' என்று அவரே ஒரு பெயரிட்டார். பெயர் நன்றாகவே உள்ளது. ஆயினும் கூடுவாஞ்சேரியில் உதிரிப்பாகக் கடைக்குச் சென்று அதனைக் கேட்டுப் பார்த்து, பையோடு திரும்பிவந்தால் நாமும் அவ்வாறே வழங்குவோம் என்று அவரிடம் கூறியிருக்கிறோம்.

நண்பரின் ஹெரால்டு கம்பி மாற்றப்பெற்று மார்கழியில் மீண்டும் ஓடிற்று. சுவிட்சு ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில், அறியாதார் கண்ணுக்குப் படாதவாறு உள்ளது. அதன் செஞ்சாவியை வீட்டுச் சாவியோடு திண்ணைச் சுவராணியில் மாட்டுவது அவர் இல்லத்தம்மையாரின் பொறுப்பு. காப்பிக்கு முன்னர் அது ஆணியில் தொங்குதல் வேண்டும் என்பது அவ்வீட்டின் புதுச் சட்டம். வரும் பழைய மாணவர் நாளன்று கல்லூரி மைதானத்தில் தம் பழங்கார்களை நிறுத்தவிருக்கும் அன்பர்கள், முன்மூடியைச் சிறிது நேரம் திறந்துவைக்க இசைவாராயின், இயற்பியல் மாணவர் சிலருடன் நாம் வந்து பார்ப்போம். எர்த்து எப்பக்கம் உள்ளது, கட்டவுட்டின் முனைகள் எந்நிலையில் உள்ளன, சுவிட்சுக்கு ஏற்ற திருகாணித் துளை எங்குண்டு என்பதை ஒரு தாளில் எழுதி உரியவரிடம் கொடுத்துவிடுவோம்.